கம்ப்யூட்டர் முதலாளியும் எங்கள் கார் ஷெட்டும்

அன்று மாலை எங்கள் வீட்டுக்காரர் டாக்ஸியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார். எஞ்சின் நின்றது. கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை.

நான் டீ டம்ளரோடு போய்ப் பார்த்தேன். ஷெட்டின் நடுவில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மூடுபனி உள்ளே நுழைந்து பழைய டயரைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. மூலையில் அடுக்கியிருந்த விறகின்மேல் எங்கள் கோழி ஒன்று உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, ஒழுகுதா?”

“இந்த ஷெட்டு நீளம் என்ன இருக்கும் புள்ள?”

“வண்டி நிக்கிற நீளம் இருக்கும்.”

“அதுக்கு மேலயும் இருக்கு” என்றார்.

குரலில் அப்படி ஒரு மரியாதை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஷெட்டை ‘தரித்திரம் பிடிச்ச தகரம்’ என்று திட்டியே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கோயில் மண்டபத்தைப் பார்க்கிறது மாதிரி பார்த்தார். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “எல்லாம் இந்த மாதிரி ஒரு ஷெட்டுலதான் ஆரம்பிச்சிருக்கு” என்றார்.

எது ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது எனக்கு எப்போதுமே சிரமம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பினாலே பெஞ்சுக்கு அடியில் பென்சிலைத் தேடப் போய்விடுவேன். எழுதுவதற்கு மட்டும் வெட்கம் வருவதில்லை. எழுதும்போது எதிரில் யாரும் இருப்பதில்லை அல்லவா.

மலைப்பாதையில் ஒரு வகுப்பு

விஷயம் சாப்பிடும்போதுதான் வெளியே வந்தது.

சீசன் நேரத்தில் கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகள் பெருமாள்மலைக்குக் கீழேயே ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றுவிடும். ஆட்கள் இறங்கி மக்காச்சோளம் வாங்கித் தின்று, குரங்குக்கும் கொடுத்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாலும் வண்டி அதே மரத்தடியில்தான் நிற்கும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் வத்தலக்குண்டிலிருந்து ஏற்றி வந்தவர் ஓர் ஊக்கப் பேச்சாளர். கம்பெனிக்காரர்களைக் கொடைக்கானல் ரிசார்ட்டில் குளிருக்கு நடுவே உட்கார வைத்து, நீங்கள் எல்லாரும் பெரிய ஆள் ஆகலாம் என்று சொல்லுவார்களே, அந்தத் தொழில். உலகப் புகழ் பெற்ற ஒரு கம்ப்யூட்டர் முதலாளியின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடங்கள் என்பது அன்றைய தலைப்பு.

வண்டி நகரவில்லை. பேச்சாளருக்குப் பொழுது போகவில்லை. பேச்சு முழுவதையும் எங்கள் வீட்டுக்காரரிடம் ஒத்திகை பார்த்துவிட்டார். ரிசார்ட்டில் பணம் கட்டிக் கேட்டவர்கள் மறுநாள் படகுத்துறையில் மறந்திருப்பார்கள். ஓசியில் கேட்டவர் மறக்கவில்லை.

அந்த முதலாளியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தார். எதை எழுதினாலும் தப்பாகப் போகும்.

“அவரு தெனமும் ஒரே கலர் சட்டதான் போடுவாராம். காலையில சட்டையப் பத்தி யோசிச்சு மூளை தேஞ்சிரக் கூடாதுன்னு.”

“நீங்களும் தெனமும் வெள்ளச் சட்டதானப்பா. யூனிஃபார்ம்” என்றாள் என் மகள் பவித்ரா.

“அதத்தான் சொல்றேன்! நான் இத்தன வருசமா தெரியாமயே செஞ்சிருக்கேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன்.

“படிப்பப் பாதியில விட்டாராம்.”

இவர் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்.

“கார் ஷெட்டுலதான் கம்பெனி ஆரம்பிச்சாராம்.”

ஷெட்டுக் கதை புரிந்துவிட்டது.

“அப்புறம் கேளு. அவரு ஆரம்பிச்ச கம்பெனியில இருந்தே அவரத் தூக்கிட்டாங்களாம்!” இதைச் சொல்லும்போது சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு காயம் உண்டு. எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டுநர் சங்கம் ஆரம்பித்ததே இவர்தான். செயலாளராகவும் இருந்தார். ஸ்டாண்டில் முறை என்று ஒன்று உண்டு. வரிசையில் முதலில் நிற்கிற வண்டிக்குத்தான் அடுத்த சவாரி. முறை வந்த டிரைவர் டீக்கடையில் உட்காரக் கூடாது, வண்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்று இவர் ஒரு விதி போட்டார். “ஏலே முருகேசு, நாங்க டீ குடிக்கிறதுக்கும் நீ விசில் ஊதுவியா?” என்று கேட்டு, அடுத்த கூட்டத்திலேயே இவரை இறக்கிவிட்டார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறியதும் எல்லாரும் டீ குடித்தார்கள். இவருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

“தூக்குனதுக்கு அப்புறம் என்ன ஆச்சாம்?” என்றாள் பவித்ரா.

“கம்பெனி படுத்துருச்சு. திரும்பப் போயிக் கெஞ்சிக் கூட்டியாந்தாங்களாம்.”

அன்று முதல் ஸ்டாண்டிலிருந்து யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் இவர் தலையைச் சீவிக்கொண்டு வெளியே போவார். வந்தவர்கள் ஜாக்கி கேட்டு வாங்கிப் போவார்கள்.

யோசித்துப் பார்த்தால் எனக்கே திகைப்பாக இருந்தது. ஷெட், சட்டை, படிப்பு, சங்கம், எல்லாம் பொருந்திவிட்டது. பணம் ஒன்றுதான் பாக்கி. அது கடைசியில் தானாகப் பின்னால் வரும் என்று பேச்சாளரே சொல்லிவிட்டாராம்.

நடந்தே பணக்காரர் ஆனவர்

இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. என் பிறந்த வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

அய்யம்பாளையத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு மில் முதலாளியின் கதையை யாரோ என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தினமும் மைல் கணக்கில் நடந்தே வேலைக்குப் போய்த்தான் அவ்வளவு பெரிய மில்லைக் கட்டினார் என்பது கதை. அப்பாவுக்கு மருதாநதி அணைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிளைத் தூக்கி மாமாவிடம் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அப்பா போய்ச் சேரும்போது அந்தத் தோப்பின் முறைத் தண்ணீர் அடுத்த தோப்புக்குப் போயிருக்கும். தோப்புக்காரர் சத்தம் போட்டார். அப்பா காலைத் தேய்த்துக்கொண்டே முதலாளி கதையைச் சொன்னார். தோப்புக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அவருகிட்ட சைக்கிள் இல்லய்யா. அதனால நடந்தாரு” என்றார். இந்த ஒரு விவரத்தை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. மாமா சைக்கிளைத் திருப்பித் தரவும் இல்லை.

நின்றபடி ஒரு கூட்டம்

இனி வீட்டில் தினமும் காலையில் கூட்டம் நடக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் அறிவித்தார். யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு வளரும். நின்றபடியே ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், அதற்கு என்ன தடை என்று சொல்ல வேண்டும். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இப்படித்தானாம்.

எங்கள் ஊரில் விடியற்காலம் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் புகை வரும். சிமெண்ட் தரை பாதத்தைக் கடிக்கும். அந்தத் தரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வட்டமாக நிற்போம்.

“நேத்து சோறாக்குனேன். இன்னைக்கும் சோறாக்குவேன்” என்பேன் நான்.

“தடை?”

“கேஸ் தீரப் போகுது.”

“இதுதான் வேணும். இப்படித்தான் வெளிப்படையாப் பேசணும்” என்பார். கேஸுக்கு மட்டும் நான்தான் போன் போட வேண்டும்.

நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காக வீட்டுச் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுகிற வேலை பார்க்கிறேன். என் பக்கத்தில் உட்காருகிறவர் ராசம்மாக்கா. சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே திரும்பி வந்தவர். அவரிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த தாளை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“அடியே, இது பெரட்டுடி!”

தோட்டத்தில் விடியற்காலையில் சங்கு ஊதுவார்களாம். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாம் பனியில் வந்து வரிசையாக நிற்க வேண்டுமாம். கங்காணி பெயர் கூப்பிட்டு, நேற்று எவ்வளவு கொழுந்து, இன்று எந்த மலை என்று சொல்லி விரட்டுவாராம். அதற்குப் பெயர் பெரட்டு.

“அங்கேயும் உக்கார விட மாட்டாங்க. எங்கம்மா இந்தப் பக்கம் வந்ததும் மொதச் சந்தோசம் என்னா தெரியுமா? காலையில பெரட்டு இல்ல. ஒம் புருசன் அத அமெரிக்காவுல இருந்து வாங்கியாந்துட்டானா?”

“சத்தமாச் சொல்லாதீங்கக்கா.”

“சங்கு ஊதுறானா?”

“இல்ல. செல்போன்ல பாட்டு வச்சிருக்காரு.”

“அப்ப வசதிதான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தாளை எடுத்தார்.

கவர் இல்லாத கார்

அடுத்த பாடம் எளிமை. அந்த முதலாளி எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதில் எதை எடுத்துவிடலாம் என்றுதான் யோசிப்பாராம். பொத்தான்களைக் குறைத்துக் குறைத்தே பெரிய ஆள் ஆனாராம்.

எங்கள் வீட்டுக்காரர் வண்டிக்குள் தலையை விட்டார். தலையாட்டுகிற நாய் பொம்மை வெளியே வந்தது. பிளாஸ்டிக் ரோஜா வந்தது. முருகனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். கடைசியில் இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்த காகிதக் கவர்களையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எந்த டிரைவரும் பெட்ரோல் இல்லாமல் கிளம்பினாலும் கிளம்புவார், அந்தக் கவர் இல்லாமல் கிளம்ப மாட்டார். வளைவு தொடங்கியதும் கீழ்நாட்டு வயிறு என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்க்க. அதற்கும் அடங்காவிட்டால் கவர்.

“இதையுமா?” என்றேன்.

“தேவையில்லாத சாமான் புள்ள. கண்ணுக்குத் தெரியிறதாலதான் அவங்களுக்கு வாந்தி ஞாபகமே வருது.”

மறுநாள் அவர் ஏற்றி வந்தது சென்னைக் குடும்பம். ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் பின் இருக்கையில் இருந்த பெரியவருக்கு, கவர் கண்ணில் படாமலேயே ஞாபகம் வந்துவிட்டது. பிடிக்க ஒன்றும் இல்லாததால் முன்பக்கம் குனிந்தார். எங்கள் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரும்போது அந்த ஒரே கலர் சட்டை வேறு கலரில் இருந்தது. நான் வெந்நீர் வைத்தேன். அவர் கவர்க் கட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். பக்கத்து வீட்டில் இரண்டு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கினதையும் பார்த்தேன்.

அதோடு தெளிந்துவிடும் என்று நினைத்தேன்.

சேர்வதா, விடுவதா

பவித்ரா அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். கலந்தாய்வில் கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைத்தது. எங்கள் இரண்டு பக்கத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. செல்போனில் அதைப் பார்த்ததும் அவள் சத்தம் போடவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் நனைந்தது.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “எதுக்கு?” என்றார்.

“எதுக்குன்னா?”

“கம்ப்யூட்டரக் கண்டுபுடிச்ச ஆளே காலேஜ் வேண்டாம்னு வெளிய வந்துட்டாரு. நீ அதே கம்ப்யூட்டரப் படிக்க உள்ள போறேங்குற. ஒன்வேயில எதுக்க வர்ற மாதிரியில்ல இருக்கு.”

கம்ப்யூட்டர் முதலாளியால் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டர் படிப்பு நின்ற விசித்திரம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

பவித்ரா என்னைப் போல் இல்லை. பேசுவாள். “அப்பா, பாதியில விடணும்னா மொதல்ல சேரணும்ல?”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் கேசரி கிண்டினோம். மாலையில் வந்தார், கேசரியைச் சாப்பிட்டார், பிறகு சொன்னார்: “அவருக்கு விடப் போறோம்னு தெரியாது. அதனால சேந்தாரு. நமக்குத்தான் தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு கோயம்புத்தூரு வரைக்கும் டீசல வீணாக்கணும்?”

வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அன்று திங்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் என் முறை வந்தது. தரை வழக்கம்போல் கடித்தது. நேற்று சோறாக்கினதைச் சொன்னேன். இன்றைக்கும் ஆக்கப் போவதைச் சொன்னேன்.

“தடை?” என்றார்.

“நீங்கதான்” என்றேன்.

எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணம் ஆன பிறகு நான் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். “நல்லது. வெளிப்படையாப் பேசணும்னுதான் கூட்டமே வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கம்பெனிகளிலும் இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது.

ஆனால் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். என்னைப் பார்க்காமல், வண்டிச் சாவியைப் பார்த்துக் கேட்டார். “கோயம்புத்தூர்ல நமக்கு யாரு இருக்கா?” பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. பிள்ளையை விட்டுப் பிரிய பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆம்பளைக்கு வாய் வராது. உலகப் புகழ் பெற்ற ஒருவர் அந்த இடத்தில் வந்து நின்று கைகொடுத்திருக்கிறார்.

மேடையில் சொன்னது

புதன்கிழமை அந்தப் பேச்சாளர் மறுபடி மலைக்கு வந்தார். இரண்டாவது கூட்டம். ஏற்றி வந்ததும் இவர்தான், வியாழக்கிழமை இறக்கிக்கொண்டு போக வேண்டியதும் இவர்தான். வழியில் எங்கள் வீட்டுக்கு ஒரு எட்டு வந்து பவித்ராவுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இவர் அவரிடம் கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டார்.

“அவரு வாயால சொன்னா பாப்பா கேட்டுக்கும்” என்றார் என்னிடம் வியாழக்கிழமை காலையில். கொல்லைப் பக்கமாகப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

பேச்சாளர் வந்தார். அந்த முதலாளியைப் போலவே கறுப்புப் பனியன் போட்டிருந்தார். வெளியே சாரல். பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாயையும் கொண்டுவந்து கொடுத்தேன். மறுக்காமல் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் ஸ்டாண்டில் முறைக்குக் காத்திருக்கிற டிரைவர் மாதிரி இருந்தது.

“சொல்லும்மா, உன் கனவு என்ன?” என்றார் மேடைக் குரலில்.

“கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சார். சீட்டு கெடச்சிருக்கு.”

“எந்தக் காலேஜ்?”

சொன்னாள். அவர் கையில் டீ அப்படியே நின்றது.

“அங்கேயா? கவுன்சிலிங்லயேவா?”

“ஆமா சார்.”

“எம் பையனுக்கு நான் அங்க எவ்வளவோ ட்ரை பண்ணேம்மா” என்றார். இது மேடைக் குரல் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

அந்த நேரத்தில் பேச்சாளரின் போன் அடித்தது. எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கத்திப் பேச வேண்டும். வருகிற எல்லாருக்கும் இதே கதிதான். அவரும் போய் ஜன்னலில் போனை வைத்துக் குனிந்தார்.

“அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். காலேஜுக்கு இனிமே போகல” என்றது ஒரு பையனின் குரல். வீடு முழுக்கக் கேட்டது.

“டேய், என்னடா சொல்ற? ரெண்டு வருசம் முடிச்சிட்டு!”

“பாதியில விட்டவங்கதாம்பா பெருசா வந்திருக்காங்க. நீங்கதான சொன்னீங்க?”

“நான் எங்கடா சொன்னேன்?”

“போன மாசம்கூட வீடியோல சொன்னீங்களே! பின்னாடி மியூசிக்லாம் போட்டு!”

“அது மேடையில சொன்னதுடா! மேடையில!” குல்லாய் நழுவிக் கண்ணை மறைத்தது. “ஊருக்குச் சொன்னேன். ஒனக்கா சொன்னேன்?”

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தார். அவ்வளவு அக்கறையாக அவர் கோழி பார்த்து நான் கண்டதில்லை.

பேச்சாளர் திரும்பினார். முகம் வெளிறி இருந்தது. “நீ சொல்லும்மா. நான் சொன்னாக் கேக்க மாட்டான். நீ ஒரு வார்த்த சொல்லு” என்று பவித்ராவைக் கைகாட்டினார்.

அவள் ஜன்னல் பக்கம் போனாள். “அண்ணா, வணக்கம். நான் கொடைக்கானல்ல இருந்து பேசுறேன்.”

“யாரு நீங்க?”

“டாக்ஸி டிரைவர் பொண்ணு. காலேஜ விட்டுட்டு என்னண்ணா செய்யப் போறீங்க?”

“இன்னும் யோசிக்கல.”

“அப்ப யோசிக்கிற வரைக்கும் கிளாஸ்லயே உக்காந்து யோசிங்கண்ணா. யாரும் எழுப்ப மாட்டாங்க.” பிறகு அவள் குரல் இறங்கியது. “எனக்கு நாளைக்குள்ள போகலேன்னா சீட்டு போயிரும்ணா. எங்கப்பாவும் ஒங்கப்பா பேச்சத்தான் கேட்டாரு.”

சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“அப்பா அங்க இருக்காரா?” என்று கேட்டது போன்.

“இருக்கேன்டா” என்றார் பேச்சாளர்.

“சாயந்தரம் வாங்க, பேசலாம்.” லைன் போய்விட்டது.

பேச்சாளர் குல்லாயைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரரிடம், “முருகேசன், அந்தப் பாடம் வந்து... எல்லாருக்கும் பொதுவான பாடம்னு எடுத்துக்கக் கூடாது” என்றார்.

“அப்ப யாருக்கு சார்?” என்றார் இவர்.

இவர் மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேச்சாளருக்கு அது தெரியவில்லை. வெரசாப் போகணும், ரயிலுக்கு நேரமாச்சு என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு ஒருத்தர்

அன்று மாலை எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் ஷெட்டுக்குள் நிற்கவில்லை. வண்டியை வெளியிலேயே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆயில் பார்த்தார். டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார்.

நான் டீயோடு போனேன். பவித்ரா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“பழனி வழியாப் போனா வெள்ளனே போயிரலாம்” என்றார் எஞ்சினிடம்.

“எங்கப்பா?” என்றாள் அவள், கதவுக்குப் பின்னாலிருந்து.

“எங்கன்னா? ஒனக்குத்தான் நாளைக்குச் சோலி இருக்கு.” துணியில் கையைத் துடைத்தார். “யோசிச்சுப் பாத்தேன். பாதியில விடுற சோலிய நான் எட்டாவதுலயே முடிச்சுட்டேன். வீட்டுக்கு ஒருத்தர் விட்டாப் போதும்.”

ராசம்மாக்காவிடம் இதைச் சொன்னபோது, “தோத்தவனாட்டமே பேச மாட்டான் பாரு” என்றார். எனக்கு அது தோல்வியாகத் தோன்றவில்லை. யார் ஜெயித்தது என்று கேட்கவும் எங்கள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

கேட்டுக்கு முன்னால்

கோயம்புத்தூர் வெயில் எங்களுக்குப் புதிது. பவித்ராவின் கன்னம் சிவந்துவிட்டது. கல்லூரியில் சேர்க்கிற வேலை முடிந்து, பெண்கள் விடுதி வாசலில் நின்றோம். ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்று காவலுக்கு இருந்த அம்மா சொல்லிவிட்டார். நான் வேண்டுமானால் போகலாமாம். எனக்கு உள்ளே போய் யாரிடம் என்ன பேசுவது என்று கூச்சம். நானும் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். பக்கெட்டைக் கொடுத்தார். ஸ்வெட்டரை எடுத்தார், அந்த வெயிலில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வண்டிக்குள் போட்டார்.

“பாப்பா.”

“என்னப்பா?”

“பிடிக்கலேன்னா ஒரு போன் போடு. எந்நேரமா இருந்தாலும் சரி. சவாரியில இருந்தாக்கூட இறக்கிவிட்டுட்டு வந்துர்றேன்.”

“எதுக்குப்பா வருவீங்க?”

“கூட்டிட்டுப் போக.”

அவள் சிரித்தாள். “அந்த போன் வராதுப்பா. சாப்பிட்டியான்னு கேக்க நீங்க போடுங்க. நான் எடுக்கிறேன்.”

பெட்டியை ஒரு கையிலும் பக்கெட்டை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெட்டி கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனாள். மர நிழலைத் தாண்டி, படியில் ஏறி, உள்ளே போய்விட்டாள்.

பின்னால் ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கொடைக்கானலாக இருந்தால் எங்கள் வீட்டுக்காரர் போய் அவரிடம் நியாயம் கேட்டிருப்பார். அங்கே ஏறி உட்கார்ந்து வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தார்.

“ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாம்ல” என்றார்.

“பாத்திருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க” என்றேன்.

அவர் வண்டியை எடுத்தார்.